பந்து கையை விட்ட நேரம்

சாரே,

நேற்றுப் பிற்பகல் முற்றத்துப் பாயில் நல்லமிளகு காய்ந்துகொண்டிருந்தது. கோழி வந்து கிளறாமல் இருக்க நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மதிலைத் தாண்டி ஒரு பந்து வந்து பாயின் நடுவில் விழுந்தது. மிளகைச் சிதறடித்துக்கொண்டு உருண்டு என் காலடியில் நின்றது. பெரிய பந்து. இரண்டு கையாலும் எடுத்தேன். புதுத் தோலின் மணமும் மிளகின் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறின. தும்மினேன். தும்மி முடித்ததும், ஆளில்லாத முற்றத்தில் உங்களைத்தான் கூப்பிட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது பெண்பிள்ளைகளின் பள்ளி மைதானம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுள்ள ஒருத்தி கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். வரலாமா என்று கேட்கவில்லை. பாயைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து மிளகைப் பொறுக்கத் தொடங்கினாள்.

யார் எறிந்தது என்று கேட்டேன்.

"நானாக்கும் தாத்தா. மூணாவது பேஸுக்கு எறிஞ்சேன், பறந்து போச்சு."

"சார் எத்தன பேஸ் குடுத்தாரு?"

"ரெண்டு."

"எங்க இருந்து ரெண்டு?"

அவள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பந்து எனக்க கைய விட்டப்ப ஓடினவ எங்க நிண்ணாளோ, அங்க இருந்து. தாத்தாவுக்கு இதெல்லாம் அறியுமா?"

ஒரு ஆள் சொல்லித் தந்தார் என்றேன். அவள் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். கேட்டைத் திறந்தே போட்டுவிட்டுப் போனாள். மிளகில் பாதி மண்ணில் கிடந்தது. அதைப் பொறுக்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு இடவப்பாதி மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். நேரே அதற்குப் போக எனக்கு வராது. கணக்கு வாத்தியார் அல்லவா, முந்தின வரிகளை எழுதாமல் விடையை எழுத மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பட்டணத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு முடித்து நீங்கள் பள்ளிக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. இரண்டு காக்கி நிக்கர், ஒரு விசில், சட்டங்கள் அச்சிட்ட ஒரு மெல்லிய புத்தகம், மடியில் பூனைக்குட்டி போல ஒரு பந்து. இன்று சாஃப்ட்பால் என்கிறார்கள். நீங்கள் ப்ளேகிரவுண்ட் பால் என்றீர்கள். பிள்ளைகள் வாயில் அது இரண்டே நாளில் பெரிய பந்து ஆனது. பட்டணத்துப் பந்து மாதம் ஒன்றில் கிழிந்தது. பாறசாலைச் சந்தையில் செருப்புத் தைக்கிறவரிடம் இலவம்பஞ்சு அடைத்து வேறொன்று தைத்து வாங்கினீர்கள். மட்டையை அயனி மரத்தில் ஆசாரி கடைந்து கொடுத்தார். அடித்தவன் கிளம்புகிற இடத்தில் ஒரு பலகை, அது வீடு. அங்கிருந்து சுற்றிவர மூன்று இடத்தில் உமி அடைத்த சாக்கு. நேற்று அந்தப் பெண்பிள்ளை பேஸ் என்றது இதைத்தான்; நமக்கு அது மூட்டை. மூன்று மூட்டையையும் தொட்டு வீட்டுக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். கோடு போடச் சாம்பல். ஏன் சுண்ணாம்பு இல்லை என்று நான் கேட்டதற்கு, "சுண்ணாம்பு போட்டா ஊர்க்காரங்க வெத்தலைக்கு வழிச்சுட்டுப் போயிருவாவ" என்றீர்கள்.

ஓட்டக் கணக்கு எழுத என்னை உட்கார வைத்தீர்கள். பந்து மைதானத்தை விட்டு வெளியே போனால் என்ன கணக்கு என்பதுதான் எனக்குக் கடைசி வரை பிடிபடாமல் இருந்தது. வீசுகிறவன் வீசிய பந்தே வெளியே போனால் ஓடுகிறவனுக்கு ஒரு மூட்டை. பந்தை எடுத்தவன் எறிந்து அது வெளியே போனால் இரண்டு. பிடித்த பந்தோடு கால் தவறி வெளியே போய்விட்டால் ஒன்று, வேண்டுமென்றே கொண்டுபோனால் இரண்டு. வேண்டுமென்று போனானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மொகத்தப் பாத்தா தெரியும்" என்றீர்கள்.

அந்த இரண்டு எங்கிருந்து என்பதில் மாட்டிக்கொண்டேன். பந்து வெளியே போய் விழுகிற வரை ஒருவன் ஓடிக்கொண்டுதானே இருப்பான், அவன் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்துதானே எண்ண வேண்டும் என்று வாதாடினேன். "சாரே, நீரு கணக்குப் போடுத வேகத்துல பந்து பொழியூர்க் கடல்ல போய் விழுந்துரும்" என்று சிரித்துவிட்டு, பள்ளிக்கு முன்னால் இருந்த அஞ்சல் பெட்டியைக் காட்டினீர்கள். "கடுதாசி உம்ம கைய விட்டுப் பெட்டியில விழுந்துட்டு. அதுக்குப் பெறவு அஞ்சல்காரன் ஓடினாலும் சரி, மரத்தடியில ஒறங்கினாலும் சரி, நீரு போட்ட நேரம் மாறாது. கைய விட்ட நேரம். அதாக்கும் நேரம்."

உதாரணம் சொல்வதில் நான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அந்த ஒன்றில் என்னை நீங்கள் தோற்கடித்தீர்கள். பிறகு முப்பது வருஷம் வகுப்பில் அதை என் உதாரணம் போலச் சொல்லி வந்தேன்.

ஒருவன் முதல் மூட்டையிலிருந்து இரண்டாவதை நோக்கி ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து எறிகிறவன் கையை விடும்போது இவன் இரண்டாவதைத் தொடவில்லை. கடைசியாகத் தொட்டது முதல் மூட்டை. அதிலிருந்து இரண்டு எண்ணினால் மூன்றாம் மூட்டை. அங்கே போய் நிற்க வேண்டியதுதான். அதே ஆள் பந்து கையை விடுமுன் இரண்டாவதைத் தொட்டிருந்தால், இரண்டு எண்ணினால் வீடு, ஓட்டம் உண்டு. ஒரு காலடியில் இருக்கிறது எல்லாம். இதை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நாம் விளையாடிய மைதானம் உங்கள் மாமாவின் நிலம். பள்ளியும் அவருடையது. சர்க்காரில் நிலவரி பிரிக்கும் பார்வத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு மானேஜராக வந்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார். எனக்கு அங்கே வேலை கிடைத்ததே நீங்கள் அவரிடம் சொன்னதால்தான். எங்கள் ஆட்களில் முதல் வாத்தியார் நான். மைதானத்துக்குக் கிழக்கே கிணறு, வடக்கே குளம், தெற்கே தென்னந்தோப்பு. மேற்கே, மூன்றாம் மூட்டைக்குப் பின்னால், உங்கள் குடும்பக் கோயிலுக்குப் போகும் பாதை. மதிலும் இல்லை, வேலியும் இல்லை. பன்னிரண்டு அடி அகலத்தில் செம்மண். அதில் எங்கள் சாதிக்காரர் கால் வைப்பதில்லை. வைக்காதே என்று யாரும் என்னிடம் சொன்ன நினைவில்லை. அப்பா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போக அரை மைல் சுற்றினேன். நீங்கள் காலையில் குளத்தில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு அந்தப் பாதையின் வழியாகத்தான் பள்ளிக்கு வருவீர்கள்.

பந்து அந்தப் பாதைக்குப் போவதுண்டு. யாராவது ஓடிப் போய் எடுத்து எறிவான், ஆட்டம் நடக்கும். அது ஒரு பிரச்சினையாக நமக்குத் தோன்றியதே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். மூன்றாம் மூட்டைக்கு நாம் எப்போதும் அந்தப் பாதையில் போகக்கூடிய பிள்ளையையே நிறுத்தியிருக்கிறோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாக அப்படி நிறுத்தியது.

ஓண விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை காரக்கோணத்துப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்தே வந்தார்கள். இலையில் பொதிந்து அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு பக்கத்துத் தலைவர்களையும் கூட்டி, எது எது வெளியே என்று அம்பயர் சொல்ல வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் உண்டு. நீங்கள் கையை நீட்டிச் சொன்னீர்கள். கிணறு வெளியே. குளம் வெளியே. தோப்பு வெளியே. மேற்கே கையே திரும்பவில்லை. பக்கத்தில் நோட்டோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை. தினம் நடக்கிறவர் நீங்கள். உங்களுக்கு அது எல்லையாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து விலகி நடக்கிறவன் நான். அதைப் போய் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்குப் படவில்லை. இருவரும் ஒரே தவறைத்தான் செய்தோம், இரண்டு பக்கத்தில் இருந்து.

அவர்கள் மூன்றாம் மூட்டையில் ஒரு மெலிந்த பையன் நின்றான். தங்கப்பன் என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஆள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாதையின் ஓரம் வரை பின்னால் போவான், அங்கே கயிறு கட்டியிருப்பது போல நின்றுகொள்வான்.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். நாம் அடிக்கிறோம். முதல் மூட்டையில் உங்கள் மாமா மகன் மணியன். அடித்தவன் பந்தை இடது பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். மணியனும் கிளம்பினான். பந்தை எடுத்த பையன் பதறிப்போய், மணியன் இரண்டாவதற்கே வந்து சேருமுன் மூன்றாவதற்கு எறிந்தான். பந்து தங்கப்பன் தலைக்கு மேலே போய்ப் பாதையில் விழுந்து உருண்டது.

தங்கப்பன் ஓடினான். ஓரம் வந்ததும் நின்றான். பந்து அவனிடமிருந்து ஆறு அடியில் கிடந்தது. அவன் குனிந்து கையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. திரும்பி நம்மைப் பார்த்தான்.

அதற்குள் மணியன் இரண்டும் தொட்டு மூன்றும் தொட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நம் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். மாமா நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். நீங்கள் மட்டும் தங்கப்பனையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் விசில் ஊதினீர்கள். வலது கையைத் தூக்கினீர்கள். பந்து வெளியே என்றீர்கள்.

மாமா மைதானத்துக்குள் இறங்கி வந்தார். பாதை வெளியே என்று நீ சொல்லவில்லையே என்று கேட்டார். குரல் உயரவில்லை, அவருக்கு உயர்த்த வேண்டிய தேவை இருந்ததில்லை.

"சொல்லேல்ல மாமா. அது எனக்க தெற்று" என்றீர்கள். "அந்தப் பையனால போவ முடியேல்ல. ஒரு பக்கத்துப் பிள்ளை போவ முடியாத இடம் ரெண்டு பக்கத்துக்கும் வெளியதான்."

"அவனுக்குப் போவ முடியாதுண்ணா அது அவனுக்க காரியம்."

"இல்ல மாமா. ஆட்டத்துக்குள்ள அது எனக்க காரியமாக்கும்."

பாதை வெளியே என்று வைத்தாலும் மணியன் ரெண்டாவதைத் தொட்ட பிறகுதான் பந்தை எறிந்தது, இரண்டு எண்ணினாலும் வீடுதான் என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். மணியன் உடனே, தொட்டுவிட்டேன் என்று கோயில் பக்கம் கைகாட்டிச் சத்தியம் செய்தான். நீங்கள் அந்த நேரம் எறிகிறவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் மூட்டை உங்கள் முதுகுக்குப் பின்னால். ஒரு அம்பயருக்கு இரண்டு கண்தானே. இரண்டாம் மூட்டைக்கு நேரே, தோப்போரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான்.

நீங்கள் என்னிடம் நடந்து வந்தீர்கள். "சாரே, பந்து கைய விட்டப்ப மணியன் எங்க நிண்ணான்? நீரு கண்டீரா?"

மாமா உங்கள் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தார். என் வேலை, ஊரில் எங்கள் ஆட்களில் முதல் வாத்தியார் என்று அப்பா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது, எல்லாம் அந்தப் பார்வைக்கு இந்தப் பக்கம் இருந்தன. நான் நோட்டைக் குனிந்து பார்த்தேன்.

"கவனிக்கேல்ல சார். எழுதிக்கிட்டிருந்தேன்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பிப் போய், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, மணியனை மூன்றாம் மூட்டையில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அடித்தவனை இரண்டாவதில் நிறுத்தினீர்கள். சாட்சி இல்லாமல், சொந்த மாமாவுக்கு முன்னால், மாமா மகனின் சத்தியத்துக்கு எதிராக. பந்தை நீங்களே போய் எடுத்து வந்தீர்கள். அடுத்த இரண்டு பேரும் அவுட். ஒரு சுற்றுக் கூட்டி ஆடினோம், ஓர் ஓட்டத்தில் தோற்றோம்.

ஓணம் கழிந்து பள்ளி திறந்தபோது மைதானத்தில் வரிசை வரிசையாக மரச்சீனிக் கம்பு நட்டிருந்தது. யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை; ட்ரில் நடத்த இடமில்லை என்றார்கள். விளவங்கோடு தாலூகாவில் ஒரு பள்ளியில் வேலை ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினீர்கள். நான் பஸ் வரைக்கும் உங்கள் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "ஆட்டத்து அண்ணு உம்ம பென்சில் காதுலயாக்கும் இருந்துது. நீரு எழுதேல்ல. எல்லாம் கண்டீரு."

பொய் பிடிபட்டது என்று நினைத்தேன். நீங்களோ என் தோளில் கை வைத்தீர்கள்.

"மணியன் ரெண்டாம் மூட்டயத் தொட்டுட்டான், இல்லியா? நீரு அதச் சொல்லியிருந்தா எனக்க தீர்ப்பு அங்கயே விழுந்திருக்கும். எனக்காட்டு வாய் மிண்டாம நிண்ணீரு. நான் மறக்கமாட்டேன் ஓய்."

சாரே, அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, நீங்கள் நினைப்பது தலைகீழ் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கோழையாகத் தெரிவதைவிட விசுவாசமானவனாகத் தெரிவது நன்றாக இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "பஸ் வருது சார்."

அதற்குப் பிறகு நீங்கள் அம்பயராக நிற்கவே இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், கோடு போட்டீர்கள், பந்து தைத்தீர்கள். தீர்ப்புச் சொல்ல மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டீர்கள். ஏன் என்று உங்கள் மனைவி என் முன்னால் ஒருமுறை கேட்டார். "ஒரு பையனுக்க மொகத்தப் பாத்து எனக்குக் கணக்குத் தப்பிப் போச்சு. எரக்கம் வந்தா கண்ணு தெரியாது. அந்த ஆளு விசில் ஊதப்பிடாது" என்றீர்கள். அப்புறம் என்னைக் காட்டி, இவர்தான் அன்று எனக்காக வாய் திறக்காமல் நின்ற ஆள் என்றீர்கள். உங்கள் மனைவி எனக்கு இன்னொரு தோசை வைத்தார். தின்றேன்.

சில வருஷங்களில் கோயில்கள் எல்லாருக்கும் திறந்தன. அந்தப் பாதையும் திறந்தது. கேள்விப்பட்டதும் நீங்கள் வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு அதில் நடந்தீர்கள். பாதி வழியில் நின்று, "சாரே, இனி இது ஆட்டத்துக்குள்ளயாக்கும்" என்றீர்கள். பிற்பாடு மாநில எல்லை வகுத்தபோது உங்கள் வீடு தமிழ்நாட்டிலும் என் வீடு கேரளத்திலும் ஆயின. நடுக்கோட்டில் பந்து விழுந்தால் எத்தனை மூட்டை என்று கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நூறு முறை சந்தித்திருப்போம். நூறு முறையும் அந்த வாக்கியத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து, அவிழ்க்காமல் திரும்பினேன். உங்கள் கடைசி நாட்களில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது நீங்கள் கண்ணைத் திறந்து என் காதைப் பார்த்தீர்கள். பென்சிலைத் தேடினீர்களோ என்னவோ. மழை விட்டுவிட்டது என்றேன்.

நேற்று அந்தப் பெண்பிள்ளை எவ்வளவு எளிதாகச் சொன்னாள். பந்து என் கையை விட்டபோது ஓடினவள் எங்கே நின்றாளோ அங்கிருந்து என்று. தப்பாக எறிந்தவளே அவள்தான், அதையும் மறைக்கவில்லை. அவள் திறந்துபோட்ட கேட்டை நான் இன்னும் சாத்தவில்லை.

நான் சுமந்துகொண்டிருப்பது ஒரு சித்திரம். அது மங்கவே இல்லை. எறிகிறவன் கை முன்னால் நீண்டிருக்கிறது, பந்து விரல்களை விட்டுவிட்டது. மணியனின் வலது கால் காற்றில் இருக்கிறது. அவனுக்கும் உமிச் சாக்குக்கும் நடுவில் வெறும் மண். நன்றாக மூன்று எட்டு இடைவெளி. அவன் தொடவில்லை, சாரே. இரக்கத்தில் உங்களுக்குக் கணக்குத் தப்பவில்லை. விசில் உங்கள் கையிலேயே இருந்திருக்க வேண்டியது.

பென்சில் என் காதில்தான் இருந்தது. நான் கண்டேன். மூன்றாம் மூட்டை சரி.